சைலென்சருக்கு ரூ.18 ஆயிரம்... டயருக்கு காசு இல்லை! பழைய 'ஸ்போர்ட்ஸ்' கார் வாங்கும் வாலிபர்களின் கணக்கு எங்கே தப்புகிறது?

சென்னை,

புதுப்பேட்டை உதிரிபாக கடை வீதி. சனிக்கிழமை மத்தியானம். ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா ஒருவரும் அவரோட 22 வயசு மகனும் ஒரு கடை வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் 2002-ம் வருஷத்து ஹோண்டா சிட்டி வி-டெக் கார். கடைக்காரர் கையில் பளபளவென்று மின்னும் ஒரு சைலென்சர். விலை ரூ.18 ஆயிரம்.

"ஏன்டா, இந்த குழாய மாட்டினா மட்டும் வண்டி பறந்துடுமா?" என்றார் அப்பா.

"ப்பா, இது டர்போ இல்லாத வண்டிப்பா. அதுவா மூச்சு வாங்கி, அதுவா விடணும். அடைப்பு இல்லாம விட்டாத்தான் வேகம் வரும்" என்றான் பையன்.

"அண்ணே, தம்பி சொல்றது கரெக்ட்டு. ஒரு தடவ சவுண்ட கேளுங்க. நாலு தெரு தள்ளி நிக்கிறவன் திரும்பி பார்ப்பான்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த தொழிலாளி. அப்பா கட்டிய சீட்டை எடுத்து ரூ.1 லட்சத்து 60 ஆயிரத்துக்கு கார் வாங்கியிருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில். இந்த கடைசி விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவும். பின்னால் வருகிறது.

ரேஸ் ஜுரம்

பையன்களை மட்டும் குறை சொல்லி பிரயோஜனம் இல்லை. ஊரே ரேஸ் ஜுரத்தில்தான் இருக்கிறது. 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் தீவுத்திடலை சுற்றி 3½ கிலோ மீட்டருக்கு ராத்திரி கார் பந்தயம் நடந்ததை சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிச்சாங் புயலால் தள்ளிப்போய் அப்போது நடந்தது. அதற்கு அப்புறம் 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேர பந்தயத்தில் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. டீக்கடை, சலூன் எங்கே போனாலும் அதே பேச்சு.

இதில் ஒரு சுவாரசியம். தீவுத்திடலில் ஓடிய பார்முலா-4 கார்களில் டர்போ உண்டு. ஆனால் அதே ரோட்டில் ஓடிய இந்தியன் ரேசிங் லீக் கார்களில் இருந்தது டர்போ இல்லாத 1,100 சி.சி. அப்ரிலியா பைக் என்ஜின். அஜித் அணி இறக்கிய போர்ஷே 911 ஜிடி-3 கப் வகை காரிலும் டர்போ கிடையாது. 4 லிட்டர், 6 சிலிண்டர், தானாக காற்றை இழுக்கும் என்ஜின். ஆக, டர்போ இல்லாத வண்டி என்றால் மட்டம் என்று நினைத்தால் அது தப்பு. பையன் அந்த விஷயத்தில் சரியாகத்தான் யோசித்திருக்கிறான்.

ஊதாங்குழல்

டர்போ என்றால் என்ன? விறகு அடுப்புக்கு ஊதாங்குழல் மாதிரி. வெளியே போகும் புகையின் வேகத்தை வைத்தே ஒரு காத்தாடியை சுற்றவிட்டு, அது என்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும். பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். அதனால்தான் 1 லிட்டர் டர்போ என்ஜின் இன்றைக்கு பழைய 1½ லிட்டர் என்ஜின் வேலையை செய்கிறது.

டர்போ இல்லாத என்ஜினுக்கு ஊதாங்குழல் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு காற்று உள்ளே வருதோ அவ்வளவுதான். அதிக சக்தி வேணும்னா நிமிஷத்துக்கு அதிக தடவை சுத்தணும். சிட்டி வி-டெக் 106 குதிரைத்திறன் கொடுப்பதே என்ஜின் 6 ஆயிரம் சுற்றுக்கு மேலே போகும்போதுதான். அண்ணா சாலையில் சிக்னலுக்கு சிக்னல் போகிறவனுக்கு 3 ஆயிரம் சுற்றை தாண்டவே வழி இல்லை. மீதி சக்தி எல்லாம் பேங்க் லாக்கரில் இருக்கும் நகை மாதிரிதான். இருக்கு, ஆனா போட்டுக்க முடியாது.

ஊட்டிக்கு ஓட்டிப் போனவர்களுக்கு இன்னொன்று தெரியும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து போவதால் டர்போ இல்லாத வண்டி அஞ்சில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். வண்டி ரிப்பேர் என்று பயந்து மெக்கானிக்கிடம் ஓடியவர்களும் உண்டு. வண்டியில் கோளாறு ஒன்றும் இருக்காது. காற்றுதான் இல்லை.

ஆனால் இந்த என்ஜினில் நல்ல குணம் நிறைய. மிதித்த அளவுக்கு போகும். திடீரென்று பின்னால் இருந்து தள்ளாது. புதுசாக ஓட்டப் பழகும் பையனுக்கு இதுதான் பாதுகாப்பு. ரிப்பேர் செலவும் கம்மி. டர்போ போச்சு என்றால் அந்த ஒரு பாகத்துக்கே பையனின் சில மாத சம்பளம் போய்விடும்.

எந்த வண்டி?

நம் ஊரில் 2 லட்சம், 3 லட்சத்துக்கு நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் கிடையாது. ரெண்டு பேர் உட்காரும் கார் என்று 'சான் ஸ்டார்ம்' கோவாவில் தயாராகி வந்தது. அதை ரோட்டில் பார்த்தவர்களை விட படத்தில் பார்த்தவர்கள்தான் அதிகம். அதனால் பையன்கள் தேடுவது பழைய கார்களைத்தான். 2000-ல் வந்த சிட்டி வி-டெக், பியட் பாலியோ 1.6, போர்டு ஐகான் 1.6, மாருதி எஸ்டீம், பழைய பலேனோ, அப்புறம் ஸ்விஃப்ட் பெட்ரோல்.

இதில் வி-டெக்குக்கு தனி மவுசு. எடை ஏறக்குறைய ஒரு டன்தான். என்ஜின் சுற்று ஏற ஏற குரலே மாறும். வால்வு கூடுதலாக திறக்கும் அந்த வித்தை நடப்பதே என்ஜின் ஆயில் அழுத்தத்தில்தான். ஆயில் குறைந்தாலோ, கருப்பு தார் மாதிரி கெட்டிப்பட்டாலோ வி-டெக் என்கிற பெயர் பின்னாடி ஸ்டிக்கரில் மட்டும்தான் இருக்கும். டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்க என்று கேளுங்கள். "தெரியாதுங்க" என்று பதில் வந்தால், வாங்கிய அன்றைக்கே மாற்ற வேண்டும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். என்ஜின் காலி.

பாலியோ ஓட்ட அருமையான வண்டி. ஆனால் பியட் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தி பல வருஷம் ஆகுது. ஒரு சின்ன சாமானுக்கு புதுப்பேட்டை முழுக்க அலையணும். ஐகானுக்கும் அதே கதைதான்.

என்னைக் கேட்டால் முதல் காருக்கு ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல்தான். கெத்து கம்மி என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் தெரு முனை மெக்கானிக்குக்கு கூட அது அத்துப்படி. கொஞ்சம் கூடுதலா பணம் சேர்த்து 2018-க்கு அப்புறம் வந்த மாடலை பிடித்தால் ரெண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் எல்லா ரகத்திலும் இருக்கும். 20 வருஷத்துக்கு முந்தைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஏர்பேக் என்ற பேச்சே கிடையாது. மோதினால் நெஞ்சுக்கு முன்னாடி ஸ்டீயரிங் மட்டும்தான்.

பழைய வண்டிக்கு இன்னும் ரெண்டு செலவு காத்திருக்கு. 15 வருஷம் ஆன காருக்கு எப்.சி. பார்த்து 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவை புதுப்பிக்கணும். அந்த கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-ல் இருந்து ரூ.5 ஆயிரம் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு ரூ.10 ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. நம்ம பையன் வாங்கிய 2002 மாடலுக்கு 2027-ல் அந்த வேளை வருகிறது. இன்னொன்று, பங்க்கில் இப்போ போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 20 வருஷத்து ரப்பர் பைப்பும் வாஷரும் அதற்காக செய்தது இல்லை. பெட்ரோல் பைப் வெடித்திருக்கா, கசியுதா என்று மாசத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்ப்பது நல்லது.

வெள்ளத்தில் முங்கினதா?

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிச்சாங் புயல் மழையிலும் ஆயிரக்கணக்கான கார்கள் முங்கின. அதெல்லாம் கழுவி, பாலீஷ் போட்டு மறுபடி சந்தைக்கு வந்துவிட்டது.

கண்டுபிடிக்க வழி இருக்கு. சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் முங்கின வண்டி. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் இரும்பில் துரு இருக்கா, டிக்கியில் ஸ்டெப்னி டயர் வைக்கும் குழியில் மண் படிந்திருக்கா என்று பார்க்கணும். வாசனை திரவியம் தூக்கலா அடித்தாலே சந்தேகப்படுங்க.

காகித விஷயத்தில் என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகணும். பழைய ரேஸ் ஆசாமி யாராவது வேறு வண்டி என்ஜினை மாட்டியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். பழைய கடன் பைனான்ஸ் கம்பெனியில் அடைந்ததா, போலீஸ் அபராதம் பாக்கி இருக்கா என்பதை பரிவாகன் செயலியில் வீட்டில் இருந்தே பார்த்துவிடலாம்.

சத்தத்தின் விலை

இப்போது அந்த 18 ஆயிரம் ரூபாய் சைலென்சருக்கு வருவோம். பையன் சொன்னதில் பாதி உண்மை. புகை சுலபமாக வெளியேறினால் என்ஜினுக்கு கொஞ்சம் சவுகரியம்தான். ஆனால் எவ்வளவு? கம்பெனிக்காரன் வருஷக்கணக்கில் சோதித்து அமைத்த டர்போ இல்லாத என்ஜினில், சைலென்சரும் ஏர் பில்டரும் மட்டும் மாற்றினால் கூடுவது விரல் விட்டு எண்ணக்கூடிய குதிரைத்திறன்தான். அதுவும் என்ஜின் உச்ச சுற்றில் கத்தும்போது. குழாய் ரொம்ப பெரிசாகிவிட்டால் கீழ் சுற்றில் இழுவை குறைந்து, மேம்பாலம் ஏறும்போது முன்னை விட மந்தமாகும் வண்டிகளும் உண்டு.

மூடி இல்லாத ஏர் பில்டர் இன்னும் வேடிக்கை. 'உஸ்ஸ்' என்று சத்தம் வரும். பையன்களுக்கு குஷி. ஆனால் சித்திரை வெயிலில் பானட்டுக்குள் கொதிக்கும் சூட்டுக் காற்றைத்தான் அது உறிஞ்சுகிறது. சூட்டுக் காற்று மெலிந்த காற்று. கம்பெனி பில்டர் வெளியில் இருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. காசு கொடுத்து சக்தியை குறைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

'ரீமேப்' என்று கம்ப்யூட்டரில் மாற்றம் செய்வதும் அப்படித்தான். டர்போ வண்டியில் ஊதும் அழுத்தத்தை கூட்டி பெரிய வித்தியாசம் காட்டலாம். இதில் ஊதாங்குழலே இல்லையே, எதை கூட்டுவது? சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "டைனோ மிஷின்ல ஏத்தி, மாட்டறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அளந்து பேப்பர் தருவீங்களா?" பல கடைகளில் அதோடு பேச்சு மாறிவிடும்.

இன்னொரு விவகாரமும் ஓடுது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று புகையை சுத்தப்படுத்தும் ஒரு டப்பா சைலென்சர் வரிசையில் இருக்கும். அதுக்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள். "அடைப்பா இருக்கு தம்பி, தூக்கிடலாம்" என்று கழட்டி வைத்துக்கொள்வார்கள். பையன் காசும் கொடுத்து, காசு பெறும் சாமானையும் கொடுத்துவிட்டு வருவான். அப்புறம் புகை சோதனையில் வண்டி தேறாது.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை தாழ்த்துவதுதான் எனக்கு அடிவயிற்றை கலக்கும். ரம்பத்தால் ரெண்டு சுற்று வெட்டிவிட்டால் வண்டி பார்க்க பாயும் புலி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஷாக் அப்சர்பர் அந்த உயரத்துக்கு செய்தது இல்லை. ஸ்பீடு பிரேக்கரில் கடைசி வரை இறங்கி முட்டும். ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கினால் வெட்டிய ஸ்பிரிங் இருப்பிடத்தை விட்டு நகரும். கிழக்கு கடற்கரை சாலையில் 100-ல் போகும்போது அது நடந்தால்?

சட்டம் என்ன சொல்லுது?

"எல்லாரும்தானே மாட்டுறாங்க" என்பது பையன்களின் வாதம். சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரி 9-ந்தேதி ஒரு கேரள வழக்கில் தெளிவாக சொல்லிவிட்டது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு. வேறு கலர் அடிப்பதற்கே ஆர்.டி.ஓ.விடம் சொல்லி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

அதே 2019-ல் வந்த திருத்த சட்டம் இன்னும் கடுமை. அனுமதி இல்லாத மாற்றம் செய்தால் வண்டி உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது ரெண்டும். கவனியுங்கள், 'ஒவ்வொரு' மாற்றத்துக்கும். சத்தம், புகை விதியை மீறினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், 3 மாதத்துக்கு லைசென்சும் செல்லாது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்தே உயர்த்தப்பட்ட அபராதங்கள் அமலில் இருக்கின்றன.

18 வயது ஆகாத பையனிடம் சாவி கொடுப்பவர்கள் கதை தனி. பெற்றோருக்கு 3 ஆண்டு வரை ஜெயிலும் ரூ.25 ஆயிரம் அபராதமும். ஓட்டிய பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. 2024 மே மாதம் புனேயில் 17 வயது சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் மோதி 2 என்ஜினீயர்கள் பலியான வழக்கில் அப்பாவும் கைதானது நாடே பார்த்தது. அது கோடீஸ்வர வீடு. வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். ஷேர் ஆட்டோக்காரர் வீட்டுக்கு யார் வருவார்?

அப்பா பெயரில் ஆர்.சி.

இப்போது அந்த ஆர்.சி. விஷயம். வண்டி மோதி ஒருத்தர் செத்துப்போனால் நஷ்ட ஈடு வழக்கில் கோர்ட்டு தேடுவது ஆர்.சி.யில் யார் பெயர் என்றுதான். வண்டியை விற்று, கை மாறி, ரெண்டு பேரிடம் போயிருந்தாலும் ஆர்.சி.யில் பெயர் மாற்றாவிட்டால் பழைய உரிமையாளரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் அப்பாவின் ஆட்டோ, வீடு எல்லாம் போகும். 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் அடிப்படை பிரீமியம் 2022-ல் ரூ.3,416 என்று நிர்ணயித்தார்கள். வரி தனி. சைலென்சர் விலையில் அஞ்சில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் பழைய வண்டி வாங்கும் பையன்களில் பலர் "அடுத்த மாசம் போடலாம்" என்று தள்ளுவது இதைத்தான். முழு இன்சூரன்ஸ் எடுத்தவர்களும் மாற்றிய விஷயத்தை மறைத்திருந்தால், சொந்த வண்டி சேதத்துக்கு கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது.

அலட்சியமாக ஓட்டி உயிர் போனால் முன்பு 2 ஆண்டு வரை ஜெயில். 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அது 5 ஆண்டு வரை. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 விபத்துகள். நாட்டிலேயே முதல் இடம். உயிரிழந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். அந்த ஆண்டு இந்தியா முழுக்க ரோட்டில் செத்தவர்களில் மூன்றில் ரெண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள்.

பணத்தை எங்கே போடணும்?

ஆசையை அடக்கு என்று சொல்ல வரவில்லை. 18 ஆயிரம் ரூபாயை வண்டிக்கே செலவு பண்ணலாம். முதலில் டயர். ஒரு டயர் ரோட்டை தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். நாலு உள்ளங்கையில்தான் மொத்த குடும்பமும் போகிறது. டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினால் ரப்பர் கெட்டிப்பட்டுவிடும். மழையில் பிடிக்காது. ஒரே நேரத்தில் நாலும் வாங்க முடியாவிட்டால் ரெண்டு ரெண்டாக வாங்கலாம்.

அடுத்தது பிரேக் ஆயில். அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ரெண்டு வருஷத்துக்கு மேல் போனால், மலைப்பாதையில் தொடர்ந்து பிரேக் அடிக்கும்போது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி கீழே போகும். ஆயிலும் பேடும் மாற்ற சில ஆயிரங்கள் போதும். அப்புறம் ஷாக் அப்சர்பர், புஷ், வீல் அலைன்மென்ட். 20 வருஷத்து வண்டியில் இதெல்லாம் புதுசாக போட்டால் வளைவில் கிடைக்கும் வித்தியாசம், எந்த சைலென்சராலும் கிடைக்காது. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஓட்டுகிறவனுக்கு தெரியும்.

எங்கே ஓட்டுவது?

வேகம் பார்க்கணும்னா அதுக்கு இடம் நம்ம பக்கத்திலேயே இருக்கு. சோழவரத்து பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தை பெரியவர்கள் கதை கதையாக சொல்வார்கள். அதுக்கு அப்புறம் 1990-ல் வந்தது இருங்காட்டுக்கோட்டை பந்தய களம். நம்ம பையன் வேலைக்கு போகிற வழிதான். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கு. 2005-ல் இந்தியாவின் முதல் பார்முலா-1 டிரைவர் ஆன நரேன் கார்த்திகேயன், மாருதி என்ஜின் போட்ட பார்முலா மாருதி காரில் தொடங்கியவர்தான். எல்.ஜி.பி. பார்முலா-4 கார்களில் ஓடுவதும் டர்போ இல்லாத ஸ்விஃப்ட் 1.3 லிட்டர் என்ஜின். பக்கத்து வீட்டுக்காரர் காய்கறி வாங்கப் போன அதே என்ஜின்!

அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் அனுபவசாலியான 59 வயது வீரர் கார் பந்தயத்தில் உயிரிழந்தார். ஆனால் அங்கே ஹெல்மெட், பந்தய பெல்ட், ஓடிவர டாக்டர், ஆம்புலன்ஸ் உண்டு. எதிரில் பால் வண்டி வராது. துபாயில் பயிற்சியின்போது அஜித் கார் தடுப்பில் மோதி பல சுற்று சுழன்றதே, அவர் காயம் இல்லாமல் இறங்கி நடந்தார். காருக்குள்ளே இரும்புக் கூண்டு, தலைக்கு ஹெல்மெட், தோளுக்கு மேலே பெல்ட். அதை பார்த்து வீட்டுக் காரில் கூண்டு மட்டும் மாட்டுகிறார்கள் சிலர். ஹெல்மெட் இல்லாமல் அந்த இரும்பில் மண்டை மோதினால் கூண்டே எமன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ராத்திரி 12 மணிக்கு போட்டி போடுகிறவர்களுக்கு இது எதுவும் கிடையாது. நடு ராத்திரி ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் வாட்ச்மேனுக்கும்தான்.

புதுப்பேட்டையில் அன்றைக்கு பேரம் 15 ஆயிரத்துக்கு இறங்கியது. அப்பா சட்டைப்பையில் கை வைத்துவிட்டார். அப்போதுதான், பக்கத்தில் ஆக்சில் கழுவிக் கொண்டிருந்த வயசான மெக்கானிக் எழுந்து வந்து, காரின் முன் சக்கரத்தை காலால் தட்டினார்.

"தம்பி, கீழ குனிஞ்சு அந்த நம்பர படி."

பையன் குனிந்து, கட்டை விரலால் சேற்றை துடைத்துவிட்டு படித்தான். 1416.

"அப்படின்னா?" என்றார் அப்பா.

"2016-ல செஞ்ச டயருண்ணே. நீங்க ஆட்டோவுல இத போட்டு ஓட்டுவீங்களா?"

அப்பா கையை சட்டைப்பையில் இருந்து எடுத்துவிட்டார். பையன் பின் சக்கரத்து நம்பரை படிக்க போனான்.